42 வயதில் மறுபயிற்சி: அந்த ‘ஃபண்டில்’ என்ன இருக்கிறது?

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். உங்கள் கணவருக்கு 42 வயது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 17 வருட சர்வீஸ், பெர்மனென்ட். யூனிட்டை மூடப்போகிறார்கள், எச்.ஆரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ‘புதுச் சட்டத்துல ரீஸ்கில்லிங் ஃபண்ட் வந்திருக்கு, கவர்ன்மென்ட்டே பணம் கட்டி வேற தொழில் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தரும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் கேட்பது போல, ‘ஆறு மாசம் கோர்ஸுக்குப் போகட்டுமா, இல்ல கிடைச்ச வேலைக்குப் போகட்டுமா?’ என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். நீங்கள் தூங்காமல் யோசித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் சின்னது, ஏமாற்றமானதும்கூட. இரண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேட் சொல்லிக்கொடுத்தவன், 28 வருடம். நடுவில் சில வருடம், பொதுத்துறை நிறுவனங்களில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கி வெளியே வந்தவர்களுக்கு அரசு செலவில் நடந்த மறுபயிற்சி வகுப்புகளையும் எடுத்திருக்கிறேன். அங்கே பட்ட ஆதங்கத்தில்தான் மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதை, கையெழுத்துப் போடுவதற்கு முன் யூனியனிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ஃபண்ட் கற்பனை இல்லை. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் 83ஆம் பிரிவு அது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி இந்த நிதியில் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அவ்வளவுதான். பெயர் மறுதிறன் நிதி. ஆனால் அதில் வகுப்பறை இல்லை, வாத்தியார் இல்லை, கோர்ஸ் இல்லை, வேலை வாங்கித் தரும் அதிகாரியும் இல்லை. அரை மாதச் சம்பளம் கணக்கில் ஏறும். மாதம் 24,000 வாங்குகிறவர் என்றால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அதை வைத்துப் படிக்கலாம், வாடகையும் கட்டலாம். இரண்டும் சேர்த்து முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள், இது அரசுப் பணம் இல்லை, முதலாளி போடுகிற பணம். மற்ற வழிகளிலிருந்தும் பணம் சேரலாம் என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் அரசு இவ்வளவு போட்டே ஆக வேண்டும் என்று எந்த வரியும் இல்லை.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது, இதைக் கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ‘ஆட்குறைப்பு’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் விருப்ப ஓய்வு சேராது. ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வருவதும் சேராது. அதாவது எச்.ஆர். நீட்டுகிற காகிதத்தில் ‘நானாக விரும்பி ராஜினாமா செய்கிறேன்’ என்றோ ‘விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்கிறேன்’ என்றோ இருந்து அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த 15 நாள் பணத்தில் அவருக்கு உரிமை இருக்காது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. தருகிற வேலையின்மை உதவிகளுக்கும் இதே கதைதான். 2005இல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் திட்டத்தில் ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவருக்கு அதிகபட்சம் 24 மாதம் வரை உதவித்தொகை உண்டு. முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். 2018இல் வந்த அடல் திட்டம் வாழ்நாளில் ஒரே முறை, 90 நாள்; முதலில் 25 சதவீதமாக இருந்ததைக் கொரோனா வருடத்தில் 50 ஆக்கினார்கள். இரண்டிலும் விருப்ப ஓய்வு வாங்கியவருக்கு இடமில்லை. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு 2017லிருந்து 21,000 ரூபாய் என்பதால், 17 வருட சர்வீஸ் உள்ள பெர்மனென்ட் ஆளாக உங்கள் கணவர் அதைத் தாண்டியிருக்கவும் கூடும். சம்பளச் சீட்டைப் பாருங்கள், இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

இப்படிச் சொல்வதால் வி.ஆர்.எஸ். வாங்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டப்படி ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 17 வருடத்துக்கு எட்டரை மாதச் சம்பளம்தான் வரும். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் மூடியபோது தொழிலாளர்கள் வாரக்கணக்கில் போராடி, வருடத்துக்குச் சுமார் 140 நாள் சம்பளம் என்ற அளவுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஒரு தொகை கைக்கு வருமென்றால் 15 நாள் ஃபண்டை விட்டுக்கொடுப்பது நஷ்டமே இல்லை. எதை விட்டு எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கிராஜுவிட்டி தனிக் கணக்கு. அதை வி.ஆர்.எஸ். தொகைக்குள் கலந்து பெரிய எண்ணாகக் காட்டினால், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொதுப் பணத்தில் மறுபயிற்சி என்றால் என்னவென்று பார்க்க, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிளை விட்ட ஒரு கதை இருக்கிறது. நோக்கியா 2008இல் ஜெர்மனியின் போகும் நகர ஆலையை மூடிவிட்டு ருமேனியாவின் க்ளூஜுக்குப் போனது. 2011இல் க்ளூஜை மூடுவதாக அறிவித்தது. 2012இல் சொந்த நாடான பின்லாந்தில் சாலோ ஆலையை மூடியது. 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி நின்றது. ஒரே கம்பெனி, நான்கு ஊர். போகும், க்ளூஜ், சாலோ மூன்றிலும் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே 2007 முதல் வைத்திருக்கும் உலகமயமாக்கல் நிதியிலிருந்து பணம் வந்தது. சாலோவில் 1,000 பேருக்கு ஐரோப்பிய நிதியின் பங்கு மட்டும் சுமார் 53 லட்சம் யூரோ; பின்லாந்து அரசின் பங்கு அதற்கு மேல். தலைக்கு ஐயாயிரம் யூரோவுக்கு மேல், பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் தொழில் தொடங்கவும். ஸ்ரீபெரும்புதூரில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளம்பெண்கள். அவர்கள் கையில் வந்தது வி.ஆர்.எஸ். தொகை. அப்புறம் அவரவர் வழி. வி.ஆர்.எஸ். என்பதால், மேலே சொன்ன இ.எஸ்.ஐ. உதவிக்கும் வழியில்லை. நம்மூரில் ஆலை மூடுவதற்கு வழக்கமாகப் பிடிக்கும் வழியே தொழிலாளியைத் திட்டங்களுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. திட்டம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் அப்படியே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஜெர்மனியில் இருக்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்ததில் புத்திசாலித்தனமானது அதுதான். ஆலை மூடும்போது தொழிலாளியைத் தெருவில் விடாமல், ‘இடைமாற்றுக் கம்பெனி’ என்று ஒன்றுக்கு மாற்றுகிறார்கள். பழைய முதலாளி, இந்த இடைமாற்றுக் கம்பெனி, தொழிலாளி என்று மூன்று பேரும் கையெழுத்திடும் ஒப்பந்தம். அதிகபட்சம் 12 மாதம். அந்தக் காலத்தில் நிகரச் சம்பளத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்புக் காப்பீடு கொடுக்கிறது. பல இடங்களில் பழைய முதலாளி அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போடுவார். பயிற்சிச் செலவில் அவருக்கும் பங்கு உண்டு. தொழிலாளி காலையில் போக ஓர் இடம் இருக்கிறது, அவரை உட்கார வைத்துப் பேச ஓர் ஆள் இருக்கிறார். விண்ணப்பத்தில் ‘தற்போது வேலையில் இல்லை’ என்று எழுத வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். 28 வருடம் பையன்களை இன்டர்வியூவுக்கு அனுப்பியவன் சொல்கிறேன், அது சின்னதே இல்லை.

நாம் முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1991 பொருளாதார மாற்றத்துக்குப் பின், 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நலிந்த ஆலைகளிலிருந்து வெளியேறும் தொழிலாளிக்கு ஆலோசனை, மறுபயிற்சி, மறுவேலை என்பதுதான் அறிவிப்பு. நடந்தது வேறு. நிதியில் பெரும்பங்கு பொதுத்துறை வி.ஆர்.எஸ். தொகை கொடுக்கவே போய்விட்டது. ஆளை வெளியே அனுப்பப் பணம் இருந்தது. வெளியே போன ஆளுக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம். 2000இல் அந்த நிதியைக் கலைத்தார்கள். அடுத்த நிதியாண்டிலிருந்து ஆலோசனை, மறுபயிற்சி, மறுபணியமர்த்தல் என்ற பெயரில் மத்தியப் பொதுத்துறையை விட்டு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு திட்டம் வந்தது. நான் வகுப்பெடுத்தது அதில்தான்.

என் முதல் பேட்சில் 22 பேர். சராசரி வயது ஐம்பதைத் தொடும். கோர்ஸ், கம்ப்யூட்டர் அடிப்படை. எனக்கே அப்போது கம்ப்யூட்டர் அரைகுறைதான். கையேட்டை முந்தின இரவு படித்துவிட்டுப் போவேன். முன்வரிசையில் ஒருவர், 31 வருடம் லேத்தில் நின்றவர். உட்கார்ந்ததும் மேஜை ஆடுவதைக் கண்டுபிடித்தார். காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்து, கையால் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் நிமிர்ந்தார். மவுஸைப் பிடித்தால் உள்ளங்கை முழுதும் இறுகும், ஹேண்ட்வீலைப் பிடிப்பது போல. அம்புக்குறி திரையின் ஓரத்துக்குப் போய் நின்றால் மவுஸைத் தூக்கி வைக்கத் தெரியாமல் மேஜையை விட்டே நகர்த்திக்கொண்டு போவார். பரப்பு வழவழப்பை நகத்தால் தடவி ‘இன்னும் ஒரு கட் வேணும்’ என்று சொல்லக்கூடிய கை அது. வகுப்பு பத்து மணிக்கு. அவர் எட்டு மணிக்கே டிபன் பாக்ஸோடு வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் எத்தனை மணி நேரம்தான் சார் சும்மா இருப்பது என்றார்.

வகுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் அடிப்படை படித்தவரை வேலைக்கு வைக்கப்போவது யார் என்ற கேள்வியை, கோர்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. எங்கள் மையத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, அதனால் கம்ப்யூட்டர் கோர்ஸ். பக்கத்து மையத்தில் செல்போன் ரிப்பேர் சொல்லித்தர ஆள் இருந்தார், அதனால் செல்போன் ரிப்பேர். ஒரே தெருவில் மூன்று பேர் கடை போட்டு மூன்று பேரும் மூடினார்கள். நான் வகுப்பெடுத்த மையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. தலையை எண்ணினால் பயிற்சி நடந்ததாகக் கணக்கு. வேலையை எண்ணச் சொல்லி எங்களை யாரும் நெருக்கவில்லை. நானும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன்தான், அதனால் மற்றவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2007இல் விதியை மாற்றி, வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கு விருப்பமில்லை என்றால் குடும்பத்தில் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம் என்றார்கள். வகுப்பில் தலைகள் சட்டென்று கறுத்தன. அப்பாவுக்குப் பதில் பிள்ளை வந்து உட்கார்ந்தான். அது நல்லதுதான், ஆனால் வேலை இழந்தவருக்கான மறுபயிற்சி அங்கேயே முடிந்தது.

சரி, இது என் அனுபவம். ஒருவன் அனுபவத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இந்த விஷயத்தை அதிகம் அளந்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிகிற ஒன்று, நீண்ட சர்வீஸில் வேலை இழந்தவருக்கு இழப்பு பெரியது, நீளமானது என்பது. பென்சில்வேனியாவில் பல வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்து வெளியேற்றப்பட்டவர்களின் வருமானத்தை மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 1993இல் எழுதினார்கள்: ஐந்து வருடம் கழித்தும், வேலை போகாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு. வேறு வேலை கிடைத்த பிறகும் இந்த நிலை. ஒரே மெஷினில், ஒரே ஆலையில் கற்ற திறமைக்கு அந்த ஆலைக்குள் இருக்கும் விலை வெளியே இருப்பதில்லை. உங்கள் கணவருக்கு முதலில் வரும் வேலை குறைந்த சம்பளத்தில் வந்தால், அது அவர் திறமைக் குறைவு என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம்.

பயிற்சியால் அந்தப் பள்ளம் நிரம்புகிறதா என்பதில்தான் பேச்சு பிரிகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் வேலை இழந்தவர்கள் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு கல்வியாண்டு படித்தால், நீண்ட கால வருமானம் ஆண்களுக்குச் சுமார் 9 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 13 சதவீதமும் கூடியது என்று ஓர் ஆய்வு. அதிலும் கணக்கு, அறிவியல், தொழில்நுட்பம் எடுத்தவர்களுக்குக் கூடுதல், மற்றவர்களுக்கு மிகக் குறைவு. 1962இல் தொடங்கி 2022இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திய ஒரு பெரிய திட்டம் அமெரிக்காவில் இருந்தது. இறக்குமதிப் போட்டியால் வேலை போனவர்களுக்கு நீண்ட பயிற்சியும் அந்தக் காலத்துக்கு உதவித்தொகையும் தருவது. அதை 2012இல் மதிப்பிட்டபோது, நான்கு வருடம் கழித்தும் பயிற்சிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள் என்று வந்தது. பிறகு வேறு முறையில், இன்னும் நீண்ட காலத்தை எடுத்துப் பார்த்தபோது, பத்து வருடத்தில் மொத்தமாகச் சுமார் 50,000 டாலர் கூடுதல் என்று வந்தது. பத்தாம் வருடத்தை நெருங்கும்போது அந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது. ஒரே திட்டம், இரண்டு பதில். படிக்கிற காலத்தில் சம்பளம் போகிறது, பலன் பின்னால் வருகிறது. எங்கே நிறுத்தி எண்ணுகிறோம் என்பதில் பாதி இருக்கிறது. இதில் எது சரி என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

நம்மைப் போன்ற நாடுகளில் நடந்த பயிற்சித் திட்டங்களை 2017இல் ஒட்டுமொத்தமாகத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த விடை இன்னும் மெலிதானது. 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், பயிற்சியால் மட்டுமே வேலை கிடைத்தவர் இரண்டு மூன்று பேர். மற்றவர்களில் பலருக்கு வேலை கிடைக்காமல் இல்லை. பயிற்சி இல்லாமலும் கிடைத்திருக்கும். ‘எங்கள் மையத்தில் 70 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று பேனர் கட்டியிருந்தால், அந்த எழுபதில் எத்தனை பேர் பேனர் இல்லாமலே போயிருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை இளைஞர்களுக்கானவை என்பதையும் சொல்ல வேண்டும். 42 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஆனால் ஒரு வகைப் பயிற்சி மட்டும் திரும்பத் திரும்ப நல்ல விடை தந்திருக்கிறது. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் 1990இல் லீவைஸ் ஜீன்ஸ் ஆலை மூடி, பெரும்பாலும் பெண்களாக ஆயிரம் பேருக்குமேல் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு அப்போது கொடுத்த பயிற்சி எதுவும் எடுபடவில்லை. அங்கிருந்த தேவாலய வட்டார மக்கள் அமைப்புகள் சும்மா இருக்காமல், ஊரில் இருக்கும் முதலாளிகளிடம், குறிப்பாக மருத்துவமனைகளிடம், முதலில் போய் உட்கார்ந்தன: உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, என்ன தெரிந்தால் எடுப்பீர்கள், எத்தனை பேர்? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய் கோர்ஸ் கேட்டார்கள். புராஜெக்ட் குவெஸ்ட் என்று பெயர். கட்டணம், பஸ் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு, வாரம் ஒருமுறை ஆலோசகரோடு கூட்டம். பின்னாளில் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டபோது, ஆறேழு வருடம் கழித்தும் ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் கூடுதல் வருமானம் நின்றது. அந்த ஒப்பீட்டில் இருந்தவர்கள் வருமானம் குறைந்தவர்கள். எல்லாரும் ஆலை மூடி வந்தவர்கள் இல்லை. அந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது பேட்சிலும் இதன் குட்டி வடிவம் ஒன்று நடந்தது. ஏ.சி. பிளான்ட் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேர் இருந்தார்கள். மருத்துவமனை ஒன்றின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேறு ஏதோ வேலையாக மையத்துக்கு வந்தவர், பேச்சுவாக்கில் தனக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்தைச் சொன்னார். நான்கில் மூன்று பேர் அடுத்த மாதம் அங்கே. நாங்கள் கொடுத்த கோர்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழில் அது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பெயர் தெரியாத மையத்தில், கடைசியில் நிற்கும் முதலாளி யார் என்று தெரியாத ஆறு மாதக் கோர்ஸுக்காக, கிடைத்த வேலையை விடச் சொல்ல மாட்டேன். அரசுத் திட்டமாகவே இருந்தாலும் இதுதான் என் பதில். நம் திட்டங்களில் வயது ஒரு சுவர். நான் முதல்வன் மாணவர்களுக்கானது, மாநிலத்தின் வெற்றி நிச்சயம் 35 வயது வரை. அதைத் தாண்டிப் போனாலும், ஒரகடம் லைனில் உங்கள் கணவர் போட்டியிடுவது 19 வயதுப் பையனோடு. அவன் டிரெய்னி என்ற பெயரில் பாதிச் சம்பளத்துக்கு வருவான். அசெம்பிளிக்கு அசெம்பிளி என்று போனால் எந்தப் பயிற்சியும் அந்தக் கணக்கை மாற்றாது. வயதும் அனுபவமும் பாரமாக இல்லாமல் தகுதியாக எண்ணப்படும் பக்கம்தான் அவர் திரும்ப வேண்டும்: மெயின்டனன்ஸ், தரக்கட்டுப்பாடு, டை, மோல்ட் வேலை, உரிமம் கேட்கும் தொழில்கள். எலக்ட்ரிக்கல் பக்கம் ஐந்து வருடம் வேலை பார்த்த அனுபவம் இருந்தால், அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். அதற்கு வயது உச்சவரம்பு கிடையாது. பிளாஸ்டிக் மோல்டிங் என்றால், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான கிண்டி சிப்பெட்டில் குறுகிய காலக் கோர்ஸ்கள் உண்டு. ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்கு ஒரு படி மேலே ஏற்றுகிற பயிற்சி இவை. முழுக்க வேறு தொழிலுக்குத் தாவுவது 42இல் முடியாது என்பதில்லை, ஆனால் அதற்கு ஒரு வருடமாவது வீட்டைத் தாங்கும் பணம் வேண்டும்.

எந்த மையத்துக்குப் போனாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: போன பேட்சில் படித்த மூன்று பேரின் போன் நம்பர். அதில் ஒருவராவது நாற்பதைத் தாண்டியவராக இருக்கட்டும். ‘டேட்டா ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் தரேன்’ என்றால் எழுந்து வந்துவிடலாம். என் மையத்துக்கு யாராவது வந்து அப்படிக் கேட்டிருந்தால் நான் திணறித்தான் போயிருப்பேன்.

பொதுப் பணத்தை எதில் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், கோர்ஸ் கட்டணத்தில் இல்லை, படிக்கிற காலத்தின் அரிசி, வாடகையில் போடச் சொல்வேன். பயிற்சி கிடைக்கவே இல்லை என்று என்னிடம் யாரும் அழுததில்லை. பயிற்சிக்கு வர முடியவில்லை சார், தினக்கூலி போகிறது என்றுதான் பாதியில் நின்றார்கள். சிங்கப்பூரில்கூட 2025லிருந்து, தன் தவறில்லாமல் வேலை இழந்தவருக்கு ஆறு மாதத்தில் 6,000 சிங்கப்பூர் டாலர் வரை, வேலை தேடுவதற்கும் பயிற்சிக்குப் போவதற்கும் நிபந்தனையாக்கிக் கொடுக்கிறார்கள். நம் 15 நாளை 150 நாளாக்கி, அதில் அரசும் பங்கு போட்டால் அதற்கு மறுதிறன் நிதி என்ற பெயர் பொருந்தும்.

இது உங்கள் கணவர் வேலை போவதற்குள் நடக்கப்போவதில்லை. அதனால் இந்த வாரத்துக்கு உள்ளதைச் சொல்கிறேன். எச்.ஆர். கொடுத்த காகிதத்தின் தலைப்பில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். ஆட்குறைப்பா, மூடலா, விருப்ப ஓய்வா, ராஜினாமாவா? தொகையை இழப்பீடு, கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், நோட்டீஸ் சம்பளம் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 17 வருடத்தில் அவர் கையாண்ட மெஷின்களின் பெயர், மாடல், கம்பெனிக்குள் போன டிரெய்னிங்குகள் எல்லாவற்றையும் அனுபவச் சான்றிதழில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட் மூடிய பிறகு அதில் கையெழுத்துப் போட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் இங்கே வந்து ஒன்று மட்டும் எழுதுங்கள்: அவர் பிரஸ் ஷாப்பில் இருந்தாரா, மோல்டிங்கா, அசெம்பிளியா, மெயின்டனன்ஸா? அது தெரிந்தால் எந்தக் கோர்ஸ், எந்த மையம் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.